கம்பி வளையமும் கணினிக்கூடமும்

பாடநூலில் ஆளி என்று படிக்கும் நெட்வேர்க் சுவிட்ச், ஒரு கணினிக்குரிய தரவை அதற்கு மட்டும் அனுப்பும். எல்லோருக்குமான செய்தியை எல்லாப் போர்ட்களிலும் விடும். ஆபத்து இந்த இரண்டாவதில்தான். கழன்று கிடக்கும் கம்பியொன்றின் இரு முனைகளையும் யாரோ நல்லெண்ணத்தோடு ஒரே சுவிட்சில் செருகிவிட்டால், அச்செய்தி ஓயாமல் சுற்றிப் பெருகும். சில விநாடிகளில் கணினிக்கூடமே முடங்கும். அன்றைய செய்முறைப் பாடமும் போய்விடும்.

இதற்கு வழி கண்டவர் ஒரு பெண், ரேடியா பேர்ள்மன். 1985இல் அவர் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ முறை, வளையம் உண்டாகும் போர்ட்டைத் தானாகவே அடைத்துவிடும். (அதைக் கவிதையாகவும் எழுதினார். நம் சஞ்சிகைக்கு ஏற்றவர்!) அமைவுகளை மாற்றக்கூடிய மெனேஜ்ட் சுவிட்சில் இது இருக்கும், மலிவான சாதாரண சுவிட்ச்கள் பலவற்றில் இராது. பாடசாலைக்கு சுவிட்ச் அன்பளிப்புச் செய்யும் பெற்றோர் விலையோடு இதையும் விசாரியுங்கள்.

பொருத்தியதும் முதல் வேலை, கடவுச்சொல்லை மாற்றுவது. அடுத்தது கண்காணிப்பு. நுவரெலியாவின் ஈரத்தில் கம்பி முனைகள் பழுதாவது புதிதல்ல. ஆகவே ஒவ்வொரு போர்ட்டின் பிழை எண்ணிக்கையையும் வாரமொருமுறை கொப்பியில் குறிக்கிறேன். ஒரு போர்ட்டில் மட்டும் அது ஏறினால், கணினியைத் திறக்குமுன் கம்பியை மாற்றிப் பார்க்கிறேன்.