பட்டாணியில் மறைந்திருந்த இயல்பு

தாயிலும் தந்தையிலும் காணப்படாத ஓர் இயல்பு பிள்ளையில் தோன்றுவதுண்டு. இதற்குரிய விதியைக் கணக்கிட்டுக் காட்டியவர் கிரெகர் மென்டல் என்னும் துறவியார். இன்றைய செக் நாட்டின் புருனோ நகரில், தம் மடத்துத் தோட்டத்திலே 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை அவர் வளர்த்து ஆராய்ந்தார். பட்டாணிப் பூ தன்மகரந்தச் சேர்க்கை உடையது. ஆதலால் தூய வகைகள் எளிதிற் கிடைக்கும்.

உருண்டை விதை வகையைச் சுருங்கிய விதை வகையுடன் கலந்தபோது கிடைத்தவை அனைத்தும் உருண்டை விதைகளே. சுருக்கம் அழிந்தது என்றே எவரும் எண்ணுவர். மென்டலோ அவ்விதைகளை விதைத்து, வளர்ந்த செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கையுற விட்டார். அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன, அண்ணளவாக 3:1.

ஒவ்வோர் இயல்புக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு காரணிகள் உள. உருண்டையை 'உ' எனவும் சுருக்கத்தைச் 'சு' எனவும் குறித்தால், இரண்டாம் தலைமுறையில் அமையக்கூடிய சேர்க்கைகள் உஉ, உசு, சுஉ, சுசு என்பன. இறுதியானது மட்டுமே சுருங்கும். ஒரு காரணி இருப்பினும் வெளிப்படுவது ஆட்சியான இயல்பு. இரண்டும் ஒத்திருந்தாலன்றி வெளிப்படாதது பின்னிடைவான இயல்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றை ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்கின்றன.

இப்பெயர்களைக் கேட்டு, ஆட்சியானது மேலானது எனப் பெற்றோருட் பலரும் கருதுகின்றனர். அது தவறு. 1990இல் இங்கிலாந்தின் நோரிச் நகரிலுள்ள ஜோன் இன்ஸ் நிறுவன ஆய்வாளர் இதன் காரணத்தைக் கண்டறிந்தனர். மாப்பொருளைக் கிளைக்கச் செய்யும் நொதியம் ஒன்றுண்டு. சுருங்கிய விதையில், அந்நொதியத்திற்குரிய பரம்பரையலகினுள் வேறொரு டி.என்.ஏ. துண்டு புகுந்து அதனைச் செயலிழக்கச் செய்துள்ளது. எனவே வெல்லம் மாப்பொருளாக மாறாது மிகுதியாக எஞ்சுகிறது. விதை நீரை ஈர்த்துப் பருக்கிறது. முற்றி உலரும்போது சுருங்குகிறது. பழுதற்ற பிரதி ஒன்றேனும் இருப்பின், விதை உருண்டையாவதற்குப் போதிய நொதியம் கிடைத்துவிடும். ஆட்சி என்பது இவ்வளவே! நுணுக்குக்காட்டியில் நோக்கினால், கலப்பு விதையின் மாப்பொருள் மணிகள் இரு வகைக்கும் இடைப்பட்டனவாகவே தோன்றும்.

எஞ்சிய வெல்லமே இனிப்பு. கடைகளில் உறையவைத்து விற்கப்படும் பச்சைப் பட்டாணி பெரும்பாலும் சுருங்கிய விதை வகையைச் சார்ந்தது. நாம் விரும்பி உண்பது பின்னிடைவான இயல்பையே. விதைக் கடைகளில் இருவகை விதைகளையும் வாங்கி மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.