அணுக்கருவை ஆராய வரும் பிள்ளைகளுக்கு

1. எந்த அணுக்கரு என்று யோசிக்கும் முன், எந்தத் துகளைக் கொண்டு மோதப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். எலெக்ட்ரானுக்கு மின்னூட்டம்தான் தெரியும். 1950-களில் ஸ்டான்ஃபோர்டில் ஹாஃப்ஸ்டாடர் அதை வைத்துத்தான் அணுக்கருவுக்குள் மின்னூட்டம் பரவியிருக்கும் விதத்தை அளந்தார். 1961-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அந்த அழகான வரைபடங்களில் நியூட்ரான்கள் அநேகமாக இல்லை.

2. நியூட்ரானைத் தேடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது பையான். சுமார் 180 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (எம்இவி) ஆற்றலில், டெல்டா ஒத்ததிர்வின் தயவால், நேர்மின் பையான் புரோட்டானில் மீள்சிதறல் அடையும் வாய்ப்பு எதிர்மின் பையானுக்கு உள்ளதைப்போல் 9 மடங்கு. நியூட்ரானிடம் இது அப்படியே தலைகீழ். ஆகவே ஒரே இலக்கின் மீது இரண்டையும் மாற்றி மாற்றிச் செலுத்துங்கள். லாஸ் அலமாஸில் கார்பன்-13 மீது அப்படிச் செய்தபோது, 9.5 எம்இவி கிளர்நிலை எதிர்மின் பையானுக்கு ஓங்கி எழுந்தது. நேர்மின் பையானுக்கு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். அந்தக் கிளர்ச்சியில் பங்குகொண்டது கிட்டத்தட்ட நியூட்ரான் மட்டுமே என்பதற்கு வேறு சாட்சி தேவையா? இவ்வளவு நேரடியான விடை இத்துறையில் அபூர்வம். அந்த இரண்டு நிறமாலைகளையும் அருகருகே வைத்து ஒருமுறையாவது பாருங்கள்.

3. ஆனால் இதே ஆற்றலில் பையான் அணுக்கருவின் விளிம்பைத் தாண்டுவதே கஷ்டம். அதை வைத்து உட்பகுதியைப் பற்றிப் பேசாதீர்கள். உள்ளே போக வேண்டுமானால் 200 முதல் 300 எம்இவி வரையிலான புரோட்டானை எடுங்கள். வழியில் மோதித் தடம் மாறும் வாய்ப்பு அங்கேதான் குறைவு.

4. ஒரு புரோட்டானைச் செலுத்தி, வெளிவரும் இரண்டு புரோட்டான்களையும் ஒரே கணத்தில் பிடித்து, குறைந்துபோன ஆற்றலைக் கணக்கிடும் முறையை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். உப்சாலாவில் 1950-களின் இறுதியில் 185 எம்இவி கற்றையால் செய்த வேலை இது. ஆக்சிஜன்-16-இன் வெளிக்கூட்டிலிருந்து ஒரு புரோட்டானைப் பெயர்க்க ஏறத்தாழ 12, 18 எம்இவி என இரண்டு வெவ்வேறு ஆற்றல்கள் தேவைப்படும். ஷெல் மாடல் சொன்ன அடுக்குகள் இவைதான்.

5. நிறமாலையில் முகடு இருக்கும் இடத்தை நம்பலாம். அதன் உயரத்தை அவசரப்பட்டு நம்பாதீர்கள். வரும் துகளையும் போகும் துகளையும் அணுக்கரு திருப்புகிறது, விழுங்கவும் செய்கிறது. அந்த அளவைத் தெரிந்துகொள்ள, அதே இலக்கில் அதே ஆற்றலில் மீள்சிதறலை முதலில் அளந்துவிடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் நிக்கெஃப் கூடத்தில் எலெக்ட்ரானால் புரோட்டானைப் பெயர்த்து அளந்தபோது, எளிய ஷெல் மாடல் எதிர்பார்த்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்தது. அந்தக் குறைவைச் சோதனைப் பிழை என்று யாரும் ஒதுக்கவில்லை. நியூக்ளியான்கள் தனித்தனியாக ஓடவில்லை, ஒன்றையொன்று பாதிக்கின்றன என்ற புரிதல் அதனால்தான் உறுதிப்பட்டது.

6. இலக்குப் படலத்தில் ஈரமோ எண்ணெய்ப்பசையோ இருந்தால் ஹைட்ரஜன் முகடு வரும். கோணத்தை மாற்றினால் அது வேகமாக இடம் மாறும். கனமான அணுக்கருவின் முகடுகள் அவ்வளவாக நகராது. சில கோணங்களில் அந்த ஹைட்ரஜன் முகடு உங்களுக்கு வேண்டிய முகட்டின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். பீம் கையில் இருக்கும்போதே பல கோணங்களில் எடுத்துச் சரிபாருங்கள்.