பழவேற்காடு: ஒல்லாந்தரின் பழைய தலைநகரில் தனியாக ஒரு நாள்

சோழமண்டலக் கடற்கரையில் ஒல்லாந்தர் நடத்திய வணிகத்துக்குத் தலைமையிடமாக இருந்த ஊர், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு. 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அதிகாரம் இங்கேதான் இருந்தது. இங்கிருந்து துணி கப்பலேறியது. வெடிமருந்து ஆலையும் நடந்தது. மனிதர்களும் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். பெருமை பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது. இங்கே காலூன்ற முடியாத ஆங்கிலேயர்தான் பிற்பாடு, 1639-இல், சென்னையில் இடம் பெற்றனர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கு இது வார விடுமுறைக்குள் போய்வரும் தூரம். மின்சார ரயிலில் கவரைப்பேட்டையை அடுத்து வரும் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் சுமார் 18 கி.மீ. தனியாக வருபவர் திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது கோட்டை அல்ல, கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இதன் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே படுக்கைவசத்தில் கிடக்கும் கற்பலகைகளில் குடும்ப முத்திரைகளும் டச்சு எழுத்துகளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. உச்சி வெயிலில் கல் முழுதும் ஒரே நிறமாகத் தெரிந்து எழுத்து மறைந்துவிடும். காலைச் சாய்வெயிலில் ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழுவதால் பெயரும் ஆண்டும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். சுண்ணக்கட்டி தேய்த்துப் படிப்பது கல்லைக் கெடுக்கும். கோட்டையின் தோற்றம் செதுக்கிய பலகை ஒன்றும் இங்கே உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் கோட்டை இருந்த இடத்தில் மிஞ்சியிருக்கும் மேடும் அகழியும் முட்புதரும் பொருள்படும். பாம்பு நடமாட்டம் இருக்கக்கூடிய இடம் என்பதால், தனியாளாகப் புதருக்குள் இறங்காமல் ஓரத்தில் நின்று பார்ப்பதே சரி.

அடுத்து, செம்புரைக் கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில். போர்த்துக்கீசியர் காலத் தொடர்புள்ள மகிமை மாதா ஆலயமும் பழைய பள்ளிவாசல்களும் அருகருகே இருப்பதால் நடந்தே பார்த்துவிடலாம். இஸ்லாமியத் தெருக்களில் பெண்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. வாங்குவதாக இருந்தால் முடைந்தவரிடமே வாங்குவது அவருக்கு உதவி.

மாலை ஏரிக்கு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரியது இது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகளைப் பார்க்க வாய்ப்பு அதிகம். தொலைநோக்கி இருந்தால் கரையிலிருந்தே காணலாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். கரையில் யார் கூப்பிட்டாலும், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், மீன்பிடிப் படகில் உல்லாசமாக ஏறிவிடாதீர்கள்.