வாசலில் வைத்துவிட்டுப் போங்கள்

மாத்தளை பஸ் நிலையத்தில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த மூன்று குட்டிகளைத் தூக்கி வந்து நாலாம் நாள், சின்னது மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தது. பின்னேரத்துக்குள் இரத்தம் கலந்த வயிற்றோட்டம். மிருக வைத்தியர் பரிசோதித்துவிட்டுப் பார்வோ என்றார்.

அப்போதுதான் நினைவு வந்தது: முந்தின நாள் இதே செருப்போடு உக்குவளைக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் அக்கா, என்னைப் போலவே தெருநாய்களைப் பார்ப்பவர், ஊசி போடாத ஆறு குட்டிகளை வைத்திருந்தார். பார்வோ வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் நம் கையிலும் செருப்பிலும் ஏறிப் போகும். நோய் வெளியே தெரியும் முன்பே குட்டியின் மலத்தில் வரத் தொடங்கிவிடும்.

சொல்லலாமா விடலாமா என்று ஒரு மணித்தியாலம் போனை வைத்துக்கொண்டு இருந்தேன். வெட்கந்தான். கடைசியில் சொன்னேன்.

"இப்பவாவது சொன்னியே தங்கச்சி. குட்டிகள உள் ரூமுக்கு மாத்திடுறேன். ரெண்டு கிழமைக்கு இந்தப் பக்கம் வந்துடாத."

மறுநாள் ஓர் ஆட்டோ வந்தது. சேலைன் போத்தல்கள், ப்ளீச், பழைய துணி. சாரதி கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார். பார்வோ காலத்தில் நல்ல நட்பு வீட்டுக்குள் கால் வைக்காது. தம்புள்ளையில் உள்ள இன்னொருவர் வளர்ந்த, ஊசி போட்ட நாய்களையே வைத்திருந்ததால், எனக்கு வரும் புதுக் குட்டிகளையெல்லாம் ஏற்று, தனியறையில் வைத்தார்.

நான் செய்த பெரிய தவறு ஜீவனி உப்புக் கரைசல். வாந்தி நிற்காத குட்டிக்கு வாயால் ஊற்றினேன்; ஊற்றியதற்கு மேலாகவே வெளியே வந்தது. நீர் நரம்பு வழியாகப் போக வேண்டும், அதுவும் முதல் நாளே. சின்னது மூன்றாம் நாள் இரவு போய்விட்டது. மற்ற இரண்டும் ஐந்தாம் நாள் மெல்ல வாலை ஆட்டின.

பினைல் வாசனையை நம்பாதீர்கள். பார்வோவுக்கு அது போதாது. முதலில் சவர்க்காரத்தால் அழுக்கைக் கழுவி, பிறகு முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். சீமெந்துத் தரைக்கு இது சரி. என் வளவோ மண். மண்ணில் இந்த வைரஸ் ஒரு வருடம்கூடக் கிடக்கும். அதனால் ஒரு வருடத்துக்கு என் வீட்டில் ஊசி முடியாத குட்டிக்கு இடமில்லை. ஊசி என்றால் ஒன்றோடு முடிவதல்ல: ஆறு, எட்டு கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கொன்றாகப் பதினாறு கிழமை வரை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு முதல் ஊசியை முறித்துவிடக்கூடும்.

உக்குவளைக் குட்டிகளுக்குப் பதினாலு நாளும் எண்ணினோம். ஆறும் தப்பின. அக்கா வீட்டு வாசலில் இப்போது வருபவர்களுக்கென ரப்பர் செருப்புகளும் ஒரு தட்டில் ப்ளீச் தண்ணீரும் இருக்கின்றன. தினமும் தண்ணீரை மாற்றுகிறாரா என்று போனில் நச்சரிப்பது என் வேலை.