பழைய கணனிக்கு எந்த டிஸ்க் நல்லது?

பிள்ளை படிக்கட்டும் என்று, பாவித்த கணனி வாங்கிய வீடுகள் எமது தோட்டங்களில் உண்டு. போட்டால் திறக்க ஐந்து நிமிசம், பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும் இரைச்சல். அதுக்காகப் புதுக் கணனிக்குக் கடன்பட வேண்டாம். பல நேரம் ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலே போதும்.

பழைய டிஸ்க்குக்குள்ளே ஒரு தட்டு நிமிசத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுத்துது. மேலே ஒரு சின்னக் கை ஓடி ஓடித் தேடுது. சத்தமும் தாமதமும் அதனால்தான். 7200 என்றால் வேகம் கொஞ்சம் கூட, சத்தமும் கூட. எஸ்.எஸ்.டி.யில் சுத்துற சாமானே இல்லை. பழையது செக்கனுக்கு 100, 150 மெகாபைட் வாசித்தால் இது 500 வரை வாசிக்கும். மாற்றின பிறகும் இரைந்தால் காத்தாடியில் தூசி பாருங்க.

கடையில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. என்று கேளுங்க. எம்.2 என்ற சின்னப் பட்டையைக் காட்டுவாங்க. பழைய கணனியில் அதுக்கு இடம் இருக்காது. பாடத்துக்கு 240 கிகாபைட் தாராளம். உங்க கணனியில் டிஸ்க்குக்கு அகலமான பட்டை வயர் மட்டும் இருந்தால் அது ரொம்பப் பழசு, காசு போடாதீங்க.

பழைய டிஸ்க் 'டக் டக்' என்று தட்டினால் அன்றைக்கே படங்களையும் பாட வேலைகளையும் வேறொன்றில் பிரதி எடுங்க. எங்கள் அலுவலகத்தில் ஒரு கிழமை சும்மா விட்டோம். முன்பள்ளிப் பிள்ளைகளின் மூன்று வருசப் படங்கள் போனது போனதுதான்.