கடற்கரை வெயிலும் குழந்தையின் தோலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

செங்கல்பட்டும் மாமல்லபுரமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையைச் சற்றே தாண்டி இருக்கின்றன. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும், நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வந்து நிற்கும். அந்த நாட்களில் மணி 12 தாண்டிய சில நிமிடங்களில் ஐந்து ரதங்களின் மணல் முற்றத்தில் நிற்கும் குழந்தையின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். வானம் தெளிந்திருந்தால் அப்போது புற ஊதாக் குறியீடு 11ஐ எட்டிவிடும், தாண்டவும் செய்யும். குறியீடு 3 ஆனாலே தோலைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 11ஐ எட்டினாலே அது ‘அதீதம்’.

கோடை விடுமுறைக் கூட்டம் மாமல்லபுரத்துக்கு வருவதும் அந்த ஏப்ரல் வெயிலை ஒட்டித்தான். எதைத் தடவினாலும் சிவந்து அரிக்கும் தோல், கரப்பான் வந்து போகும் தோல் உள்ள சிறு குழந்தையோடு கிளம்பும் வீடுகளில், எந்த சன்ஸ்கிரீன் வாங்குவது என்பது முதல் கேள்வியாக எழுகிறது. அதைக் கடைசியில் கேட்பதே சரி. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய தவறான எண்ணங்கள் சில உண்டு.

“நம்ம நிறத்துக்கு இதெல்லாம் தேவையில்லை”

இது பாதி உண்மை. தோலின் நிறமியான மெலனின் தானே ஒரு வடிகட்டி. மிகக் கருத்த தோலின் மேலடுக்கு சுமார் 13 எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) அளவுக்குத் தடுப்பதாகவும், வெள்ளையரின் தோல் 3 அளவுக்கு மட்டுமே தடுப்பதாகவும் 1970களிலேயே அளந்திருக்கிறார்கள். இந்தியர்களிடையே தோல் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். தோல் புற்றுநோய் பற்றி ஆஸ்திரேலியாவில் உள்ள பயத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

ஆனால் 13 என்பது முழுக் காப்பு அல்ல. குழந்தையின் தோல் மெல்லியது. மாநிறக் குழந்தைக்கும் வெயில் சுடும். சிவப்பு பளிச்சென்று தெரியாது, அவ்வளவுதான். தொட்டால் சூடாக இருக்கும், இரவில் சட்டை உரசினால் அழும், நாலு நாளில் தோல் உரியும். கரப்பான் உள்ள குழந்தைகளில் சிலருக்கு வெயிலும் வியர்வையும் சேர்ந்து அரிப்பைக் கிளப்பிவிடும். சன்ஸ்கிரீனுக்கு நியாயமான காரணங்கள் இவை. ‘பிள்ளை கறுத்துவிடும்’ என்பது காரணமே அல்ல. விளையாடிய பிள்ளை கறுக்கும். அது நோய் இல்லை.

“கடல்காற்று குளுகுளுவென்று வீசுது, வெயிலே தெரியலை”

இந்தக் கரையில் மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான். சூட்டை உணர்த்துவது அகச்சிவப்புக் கதிர். தோலைச் சுடுவது புற ஊதாக் கதிர். முற்பகல் முடியும் வேளையில் கடல்காற்று ஏறும்போது வெப்பம் குறைகிறது, புற ஊதாக் கதிர் குறைவதில்லை. மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது. உலர்ந்த மணல் சுமார் 15 விழுக்காட்டையும், அலை நுரை 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. அரை மீட்டர் ஆழத் தண்ணீருக்குள்ளும் 40 விழுக்காடு போய்ச் சேருகிறது. இடுப்பளவு நீரில் நிற்கும் குழந்தை வெயிலில்தான் நிற்கிறது.

ஒரு நாளின் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 60 விழுக்காடு காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே விழுந்துவிடுகிறது. ஆகவே கடிகாரத்தைவிட நல்ல சன்ஸ்கிரீன் கிடையாது. மாமல்லபுரத்தின் சின்னங்களைக் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். 8 மணிக்குள் கடற்கரைக் கோயிலைச் சுற்றி வந்துவிடலாம். மாலையில் இன்னொரு வசதி உண்டு. கரை கிழக்கு பார்த்தது. நாலரை மணிக்கு மேல் சூரியன் நிலத்தின் பக்கம் சாய, கரையோரச் சவுக்குத் தோப்புகளின் நிழல் மணலை நோக்கி நீளும். குறியீடும் அதற்குள் 3க்கு அருகே இறங்கியிருக்கும்.

“குடைக்குள்ளேதானே உட்கார்ந்திருக்கு”

அமெரிக்காவின் டெக்சாஸில் ஓர் ஏரிக்கரையில் 81 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2017இல் வெளியானது. ஒரு குழு மூன்றரை மணி நேரம் கடற்கரைக் குடையின் கீழ் மட்டும் இருந்தது, மற்றது எஸ்பிஎஃப் 100 தடவிக்கொண்டு வெயிலில் இருந்தது. குடைக்காரர்களில் 78 விழுக்காட்டினருக்கும் தடவிக்கொண்டவர்களில் 25 விழுக்காட்டினருக்கும் தோல் சுட்டிருந்தது. சோதனையை நடத்தியவர்கள் சன்ஸ்கிரீன் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் அடிப்படை சரியே: மேலிருந்து வருவதைக் குடை தடுக்கும், மணலிலிருந்தும் திறந்த வானத்தின் பக்கவாட்டிலிருந்தும் வருவதைத் தடுக்காது. இரண்டும் தனித்தனியே போதாது என்பதுதான் அந்தச் சோதனை சொல்வது.

“வெயிலுக்கு வெள்ளைப் பருத்தி”

சூட்டுக்கு அது நல்லது. புற ஊதாக் கதிருக்கு மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை சுமாரான தடுப்புத்தான். நனைந்துவிட்டால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணி நன்றாகத் தடுக்கும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கு ஆடுபவர்கள் உடலோடு ஒட்டிய முழுக்கை லைக்ரா சட்டை போடுவது இதற்காகவும்தான். சிறு பிள்ளைகளுக்கும் அந்த வகை நீச்சல் சட்டைகள் கிடைக்கின்றன.

துணியின் மதிப்பு ஒரு கணக்கில் தெளிவாகும். சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப்பை அளப்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி. மூன்று வயதுக் குழந்தையின் தோல் பரப்பு ஏறத்தாழ 6,000 சதுர சென்டிமீட்டர். உடல் முழுக்கத் தடவ 12 கிராம் வேண்டும். 50 கிராம் டியூப் நாலு தடவையில் ஏறக்குறையக் காலியாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும் என்றால் ஒரு பகலுக்கே ஒரு டியூப். யாரும் அப்படித் தடவுவதில்லை. பெரும்பாலோர் பாதிக்கும் குறைவாகவே தடவுகிறார்கள், டப்பாவில் உள்ள 50 தோலில் 50ஆக இருப்பதில்லை. அதே குழந்தைக்கு முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் போட்டால் மீதி இருப்பது முகம், காது, கழுத்து, புறங்கை, பாதம். அதற்கு இரண்டரை, மூன்று கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி போதும். ஒவ்வாமை வர வாய்ப்புள்ள பரப்பும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. தோல் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு இதைவிடப் பெரிய ஆதாயம் வேறில்லை.

“பேபி என்று போட்டிருந்தால் பயமில்லை”

டப்பாவின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் தகவல். ‘பேபி’, ‘நேச்சுரல்’, ‘ஹைப்போ அலர்ஜெனிக்’ போன்ற சொற்களை நம்பி வாங்குவதில் பொருளில்லை. ‘ஹைப்போ அலர்ஜெனிக்’ என்ற சொல்லுக்குச் சட்ட வரையறை எதுவும் இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்கிறது. இந்தியாவில் சன்ஸ்கிரீன் மருந்தாக அல்ல, அழகுசாதனப் பொருளாகவே விற்பனைக்கு வருகிறது.

பின்பக்கம் தேட வேண்டியவை இரண்டு: ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு. இவை கனிம வடிகட்டிகள்; தோலுக்கு எரிச்சலூட்டுவதோ ஒவ்வாமை தருவதோ மிக அரிது. அதே அமெரிக்க நிர்வாகம் 2019இல் வெளியிட்ட வரைவில் பாதுகாப்பும் பயனும் உறுதியானவை என்று ஏற்றுக்கொண்டவையும் இந்த இரண்டு மட்டுமே. வேறு பன்னிரண்டு வடிகட்டிகளுக்குக் கூடுதல் தரவு கேட்டது. அதே ஆண்டு 24 பேரிடம் நடந்த சோதனையில் அவோபென்சோன், ஆக்சிபென்சோன் போன்ற கனிமமல்லாத வடிகட்டிகள் ரத்தத்தில் கலப்பது தெரிந்தது. ரத்தத்தில் கலந்தாலே தீங்கு என்று அர்த்தமில்லை; அந்த ஆய்வாளர்களே சன்ஸ்கிரீனை நிறுத்தச் சொல்லவில்லை. எனினும் சிறு குழந்தைக்கு, அதிலும் கரப்பான் தோலுக்கு, கனிம வகையில் தொடங்குவதே புத்திசாலித்தனம். ஆக்சிபென்சோனும் ஆக்டோக்ரைலீனும் வெயில் பட்டதும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை என்று தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கனிம வகை தோலின் மேல் கண்ணாடி போல நின்று வெயிலைத் திருப்பி அடிக்கிறது என்றொரு விளக்கம் உலவுகிறது. அதுவும் தவறு. 2016இல் வெளியான அளவீட்டில் இவை திருப்பி அனுப்பியது புற ஊதாக் கதிரில் 5 விழுக்காடு அளவுதான். மீதியில் பெரும்பகுதியை மற்றவற்றைப் போலவே உறிஞ்சிக்கொள்கின்றன. முகத்தில் விபூதி பூசினாற்போல் தெரியும் வெள்ளை, கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. அசிங்கமாக இருக்கிறதே என்று தேய்த்துத் துடைத்துவிட்டால் காப்பும் போய்விடும்.

தொந்தரவு பெரும்பாலும் வடிகட்டியால் வருவதில்லை, கூடச் சேர்க்கும் வாசனையாலும் பதப்படுத்தும் பொருளாலும் வருகிறது. ‘பர்ஃப்யூம்’ அல்லது ‘ஃபிராகரன்ஸ்’ என்ற சொல் பட்டியலில் இருந்தால் கீழே வைத்துவிடலாம். மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற நீளப் பெயருக்கும் அதே மரியாதைதான். அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது அதைத்தான். லாவெண்டர், சிட்ரஸ் போன்ற மூலிகை எண்ணெய்களும் வாசனைப் பொருட்களே. பட்டியல் குட்டையாக இருந்தால் நல்லது. ஸ்பிரே வேண்டாம், மூச்சில் போகும். கண்ணைச் சுற்றித் தடவக் கட்டியாக வரும் குச்சி வகை வசதி. வியர்வையோடு கண்ணுக்குள் வழிவது குறைவு.

எஸ்பிஎஃப் 30 போதும். அது புற ஊதாவின் யு.வி.பி. என்ற வகைக் கதிரில் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்பது 98ஐ. மற்றொரு வகையான யு.வி.ஏ. கதிரின் தடுப்புக்கு ‘பி.ஏ.+++’ அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எதுவும் இல்லை. தண்ணீரில் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் தாங்குபவை உண்டு. துண்டால் துடைத்தால் திரும்பத் தடவியே ஆக வேண்டும்.

வாங்கியதைக் கடற்கரையில் வைத்து முதன்முதலாகத் திறக்கக் கூடாது. முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு, நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் தடவிப் பார்க்க வேண்டும். சிவப்போ தடிப்போ வராவிட்டால் பிறகு முகத்துக்கு. கரப்பான் உள்ள குழந்தைக்கு வழக்கமான ஈரப்பத கிரீமை முதலில் தடவி, கால் மணி நேரம் விட்டு அதன்மேல் சன்ஸ்கிரீன். புண்ணாகி நீர் கசியும் இடத்தில் எதுவும் வேண்டாம், துணியால் மூடினால் போதும். இன்னொரு குழப்பம்: இந்தப் புழுக்கத்தில் பிசுபிசுப்பான கிரீமுக்கு அடியில் வேர்க்குரு வந்தால் அதை ஒவ்வாமை என்று நினைப்பது. வேர்க்குரு கழுத்து மடிப்பிலும் முதுகிலும் பொடிப்பொடியாக வரும், காற்று பட்டால் அடங்கும். ஒவ்வாமை தடவிய எல்லை வரை பரவி, நாட்கணக்கில் அரிக்கும்.

“தேங்காய் எண்ணெய் இருக்க, கடையில் எதுக்கு?”

தேங்காய் எண்ணெய்க்கு 7 அல்லது 8 எஸ்பிஎஃப் என்று ஆய்வகக் குப்பியில் ஒருமுறை அளந்த எண் ஊரெல்லாம் சுற்றுகிறது. அது தோலில் அளந்தது அல்ல. குளித்தபின் தோல் வறளாமல் காக்க எண்ணெய் உதவலாம், வெயிலுக்கு உதவாது. கலமைன் லோஷனிலும் ஜிங்க் ஆக்சைடு இருக்கிறதே என்பார்கள். அது அரிப்புக்கான மருந்து. காய்ந்ததும் வெடித்து உதிரும், சீரான படலமாக நிற்காது.

எலுமிச்சை விஷயம் வேறு. கடற்கரையில் சுட்ட சோளத்தின் மேல் எலுமிச்சை மூடியை உப்பு, மிளகாய்ப்பொடியில் தோய்த்துத் தேய்த்துத் தருவார்கள். பிள்ளை கடிக்கும்போது சாறு முகவாயில் வழிந்து மணிக்கட்டு வரை இறங்கும். எலுமிச்சைச் சாற்றில் உள்ள ஃப்யூரோகூமரின் என்ற பொருள் பட்ட இடத்தில் பகல் வெயிலும் பட்டால் ஒரு நாள் கழித்துத் தோல் சிவந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளிக்கும். பின் வழிந்த தடத்திலேயே கருங்கோடுகள் வாரக்கணக்கில் நிற்கும். சூடு போட்டார்களோ என்று பார்ப்பவர் சந்தேகிக்கும் அளவுக்கு இருக்கும். சோப்பும் தண்ணீரும் கொண்டு உடனே கழுவிவிட்டால் தீர்ந்தது.

“கைக்குழந்தைக்குக் கொஞ்சம் தடவினால் என்ன?”

ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் பழக்கம் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. நிழலோ துணியோ வாய்க்காத அவசரத்தில் முகத்திலும் புறங்கையிலும் சிறிதளவு தடவலாம். வைட்டமின் டிக்காகக் காலை இளவெயிலில் காட்டுவது நம் வீடுகளின் நெடுநாள் வழக்கம். அதில் சுகம் உண்டு, வைட்டமின் குறைவு. அதை உண்டாக்கும் யு.வி.பி. கதிர் சூரியன் தாழ்ந்திருக்கும்போது மிகக் குறைவாகவே தரைக்கு வருகிறது. அதற்காகப் பச்சைக் குழந்தையை உச்சிவெயிலில் கிடத்தவும் வேண்டாம். முதல் ஆண்டு முழுவதும் நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்தை இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைப்பது இதனால்தான்.

வெயில் சுட்டுவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணி, நிறையத் தண்ணீர், நிழல். வெண்ணெயும் பற்பசையும் வேண்டாம். கொப்புளம், காய்ச்சல், வாந்தி வந்தாலோ ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும். சன்ஸ்கிரீன் பட்ட இடம் தடித்து அரித்தாலும் கழுவிவிட்டு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலோ பக்கத்துத் தோல் மருத்துவரிடமோ காட்டலாம். போகும்போது டியூபையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். குழந்தைக்கு எது ஆகவில்லை என்று மருத்துவர் தேடத் தொடங்குவது அதன் பின்பக்கப் பட்டியலிலிருந்துதான்.