துணைப் பதவிக்கு யாரை எடுப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பு சேர்ந்திருக்கும் நீ, "துணை அதிகாரி என்றால் மேலே இருப்பவர் லீவில் போனால் கையெழுத்துப் போடுகிறவர்தானே? அதற்கு ஏன் இத்தனை நேர்காணல்?" என்று கேட்டிருந்தாய். 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது அங்கே தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட். வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள் என்று தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்து மக்களிடம் சொன்னவரே அவர்தான். ஊரடங்கு நேரத்தில் ஃபைஃப் கடலோரத்திலுள்ள தன் இன்னொரு வீட்டுக்குப் போய்வந்தார். படத்தோடு செய்தித்தாளில் வந்துவிட்டது. ஞாயிறு பகலில் மன்னிப்புக் கேட்டார். ராத்திரி ராஜினாமா. கொரோனா உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த வாரம் அது. விண்ணப்பம் வாங்கி ஆள் தேட ஏது அவகாசம்? துணை அதிகாரியாக இருந்த கிரெகர் ஸ்மித் உடனே பொறுப்பேற்றார். லனார்க்‌ஷர் பகுதியில் குடும்ப மருத்துவராக இருந்தவர். அந்த டிசம்பரில் பதவி அவருக்கே நிரந்தரமானது.

ஆகவே தேர்வுக் குழு முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நாளைக் காலையே தலைமைப் பொறுப்பு வந்தால் இவர் தாங்குவாரா? பணிமூப்புப் பட்டியல் இதற்குப் பதில் சொல்லாது.

அடுத்தது, தலைமை அதிகாரியிடம் இல்லாதது துணை அதிகாரியிடம் இருக்க வேண்டும். இங்கிலாந்தைப் பார். 2019 அக்டோபரில் தலைமை மருத்துவ அதிகாரியான கிறிஸ் விட்டி தொற்றுநோயியல் பேராசிரியர். துணை அதிகாரிகளில் ஜென்னி ஹாரிஸ், நார்ஃபோக் போன்ற இடங்களில் உள்ளூர்ப் பொதுச் சுகாதார இயக்குநராக வேலை பார்த்தவர். இன்னொருவர் ஜோனத்தன் வான்-டாம், இன்ஃப்ளூயன்சா நிபுணர். மருந்து, தடுப்பூசி நிறுவனங்களில் வேலை செய்த அனுபவமும் உண்டு. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்திலிருந்து 2017-இலேயே அவரை அழைத்து வந்துவிட்டார்கள். கொரோனா என்ற பேச்சே இல்லாத காலம் அது. 2020 மார்ச் கடைசியில் விட்டிக்கே நோய் அறிகுறி வந்து தனிமையில் இருந்தபோது, இந்த இருவரும் நாட்டுக்கு முன்னால் வந்து பேசினார்கள்.

பேசத் தெரிவதும் தகுதிதான். நம் ஆட்கள் இதைத் தகுதியாகவே எண்ணுவதில்லை என்பது என் வருத்தம். 2020 நவம்பரில் ஃபைசர் தடுப்பூசியின் முதல் முடிவு வந்த நாளில் வான்-டாம் சொன்னது கால்பந்துக் கதை: பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் முதல் ஆள் கோல் போட்டுவிட்டார், கோப்பை இன்னும் கைக்கு வரவில்லை, ஆனால் அந்த கோல்கீப்பரைத் தோற்கடிக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. ஒரே ஒரு ஆய்வு முடிவை எவ்வளவு நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதிலேயே அடங்கிவிட்டது.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது முதுகெலும்பை. பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் ஊரடங்கில் டர்ஹாமுக்குக் கார் ஓட்டிப் போன விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதே 2020-இன் மே 28 அன்று நிருபர்கள் அதைப் பற்றி விஞ்ஞானிகளிடம் கேட்டபோது, பிரதமர் போரிஸ் ஜான்சன் குறுக்கிட்டு அவர்களைப் பதில் சொல்ல விடவில்லை. இரண்டே நாளில் அதே கேள்வி வான்-டாமிடம் வந்தது. விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன, எல்லோருக்கும் பொருந்தும் என்று அவர் நிதானமாகச் சொன்னார். பக்கத்தில் ஓர் அமைச்சர் நின்றிருந்தார். இப்படிப்பட்டவர் மேலதிகாரிக்குச் சௌகரியமாக இருக்க மாட்டார். சௌகரியமானவரைத் துணையாக வைத்துக்கொள்வது, மக்கள் உயிர் சம்பந்தப்பட்ட துறையில் ஆபத்து.

உனக்கும் ஒருநாள் அந்த நாற்காலி வரலாம். அதற்கு முன் ஏதாவது ஓர் ஊரில் தடுப்பூசிப் பதிவேடும் குடிநீர்க் குளோரினும் பார்க்கிற வேலையில் சில வருடம் இரு. எங்கே சேரப்போகிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்